முகப்பு மாறியது சரி, முகவரி என்ன ஆச்சு? ட்ரூபல், வேர்ட்பிரஸ், ஜூம்லா, பிளோன் தளங்களின் மறுவடிவமைப்பு

பிப்ரவரி 3, 2025 (வாசகர் கேள்வி)

எங்கள் திறமூல உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்கு (இணையதளம் கட்டி நடத்த உதவுவது) ஒரு சமூகத் தளம் இருக்கிறது. பத்து வருடப் பழசு. புதிதாக வடிவமைப்பது என்று முடிவாகிவிட்டது. இதே வகை மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா, பிளோன் நான்கின் தளங்களையும் அலசிப் பார்த்தேன். என் கணிப்பில் 2022இல் வந்த வேர்ட்பிரஸ் முகப்புக்குத்தான் முதலிடம். பெரிய தலைப்பு, தாராளமான வெற்றிடம், கண்ணில் படும் ஒரு பொத்தான். அதையே பின்பற்றலாம் என்கிறேன். மறுப்பு உண்டா?

பிப்ரவரி 3, இரவு

உண்டு. முகப்பை வைத்து சமூகத் தளத்தை அளக்கக் கூடாது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் உலாவியின் வரலாற்றைத் திறந்து போன மாதம் முழுக்கப் பார்த்தேன். ட்ரூபல் தளத்துக்கு ஏறக்குறைய தினமும் போயிருக்கிறேன். முகப்புக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. போனதெல்லாம் வழுக்களை (மென்பொருள் பிழைகளை) பதியும் பக்கங்கள், கூடுதல் வசதி தரும் நிரல்கூறுகளின் பக்கங்கள், ஆவணங்கள். பாதி தேடுபொறி வழியாக, மீதி யாரோ எங்கோ கொடுத்த சுட்டி வழியாக. பல வருடமாக ஒரு சமூகத்தில் இருப்பவர் எல்லாருக்கும் இதுதான் கதை. வாசல் கோலத்தைப் பார்த்து ஒரு வீட்டில் குடித்தனம் நடத்த முடியுமா என்று சொல்ல முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான்: ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிய பதிலில் இருக்கும் சுட்டி, மறுவடிவமைப்புக்கு மறுநாள் வேலை செய்கிறதா?

பிப்ரவரி 4

ட்ரூபல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் அதுதான் பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

2008இல் ட்ரூபல் சங்கம், மார்க் போல்ட்டனின் நிறுவனத்தையும் லீசா ரைகெல்ட்டையும் அழைத்து தளத்தை மறுவடிவமைக்கச் சொன்னது. வழக்கமாக வடிவமைப்பாளர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் திரையை விலக்கிக் காட்டுவார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. அரைகுறை முன்மாதிரியையே எல்லாரும் பார்க்கும்படி வெளியில் வைத்தார்கள். கருத்துகள் வந்து குவிந்தன. திருத்தி அடுத்த சுற்றை வைத்தார்கள். மறுபடியும் குவிந்தன. இப்படிச் சுற்றுச் சுற்றாகப் போனது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. நூறு பேர் நூறு பக்கம் இழுப்பார்கள். ஆனால் அந்தச் சச்சரவுக்குள்தான் ஒரு விஷயம் தெளிவானது. அந்தத் தளத்துக்கு வருபவர் ஒரே வகை ஆள் இல்லை. மென்பொருளை எடைபோட வருபவர், அதை வைத்துத் தளம் கட்டுபவர், மென்பொருளையே கட்டுபவர் என்று குறைந்தது மூன்று வகை. மூவருக்கும் ஒரே வாசலைக் காட்டினால் மூவரும் வழிதவறுவார்கள்.

புதிய தளம் வெளிவந்தது 2010 அக்டோபரில். வடிவமைப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம். ஏன் அவ்வளவு? வரைவது ஒரு வேலை, அதை நிரலாக்குவது இன்னொரு வேலை. இரண்டாவதை ஓய்வு நேரத் தன்னார்வலர்களை நம்பி விட்டார்கள். அந்தத் தளம் வெறும் பக்கங்களின் தொகுப்பு அல்ல. ஆயிரக்கணக்கான நிரல்கூறுகள், வழுப் பட்டியல், பயனர் கணக்குகள், தரவிறக்கக் கோப்புகளைத் தொகுத்துத் தரும் எந்திரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஓடுகின்றன. சங்கம் பணமும் ஆளும் போட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது.

நீங்கள் வடிவமைப்புக்குத் தொகை ஒதுக்கிவிட்டு, நிரலாக்கத்தை "நம்ம ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

ஒரு துணுக்கு. ட்ரூபல் தளத்தின் பழைய தோற்றத்துக்கு 'புளூபீச்' என்று பெயர், நீலக் கடற்கரை. புதியதற்கு 'புளூசீஸ்', நீலப் பாலாடைக்கட்டி. ஓசையைக்கூட விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும்.

பிப்ரவரி 6

இனி வேர்ட்பிரஸ். நீங்கள் சொல்லும் முகப்பு 2022 ஆகஸ்ட்டில், பதிவிறக்கப் பக்கத்தோடு சேர்ந்து வந்தது. பார்வைக்கு அழகுதான், மறுக்கவில்லை. அதில் வேறொரு நல்ல விஷயமும் இருக்கிறது. பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கிக் கட்டும் தங்கள் புதிய தொகுதித் தொகுப்பி முறையிலேயே, தொகுதி வார்ப்புருவாக அதைக் கட்டினார்கள். சமைத்தவர்களே முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். அப்படி உட்காரும்போதுதான் உப்பு குறைந்தது தெரியும்.

அந்தப் பக்கம் வெளிவந்த நேரத்தில், வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை எளிய பக்கத்துக்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது என்று, பொதுவிலேயே. வேலை செய்தவர்களுக்கு அது சுருக்கென்று தைத்தது. இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. மென்பொருளின் பெருமையே "சட்டென்று பக்கம் கட்டலாம்" என்பதாக இருக்கும்போது, சொந்த முகப்புக்கே வாரக்கணக்கானால் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் பக்கம் கட்டுவதற்கா அந்த நேரம் போகிறது? என் அனுபவத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கட்டுவதற்குப் போனதில்லை. எந்த வாக்கியம் மேலே இருக்க வேண்டும், எந்தப் பொத்தான் முதலில், நாற்பது மொழிகளில் அது உடையாமல் நிற்குமா, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதை எப்படிப் படிக்கும் என்று பேசித் தீர்க்கத்தான் நேரம் கரைகிறது. பக்கம் எவ்வளவு எளிமையாகத் தெரிகிறதோ அந்த அளவுக்கு அதிலிருந்து எடுத்து வீசியவை அதிகம். ஒவ்வொன்றையும் வீசும்போது ஒருவர் "அது என்னுடையது" என்று எழுந்து நிற்பார்.

ஆனால் வேர்ட்பிரஸ் பற்றிப் பேசினால் நான் எடுப்பது 2022 அல்ல, 2017. வேர்ட்பிரஸுக்குக் கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களின் கோப்பகத்தை அந்த வருடம் புதிதாக்கினார்கள். அதுவரை பிபிபிரஸ் என்ற மன்ற மென்பொருளில் ஓடியது. அதை வேர்ட்பிரஸ்ஸுக்கே கொண்டுவந்தார்கள். உள்ளே நடந்தது பெரிய முன்னேற்றம். வெளியே நடந்தது வேறு. விளக்கம், நிறுவும் முறை, பதிப்பு மாற்றங்கள் என்று தனித்தனித் தத்தல்களாக (டேப்) இருந்ததை ஒரே நீளப் பக்கமாக்கி, "மேலும் படிக்க" என்று மடித்து வைத்தார்கள். ஒரே கூச்சல். நானும் அதில் ஒருவன். தினமும் இருபது தளங்களைப் புதுப்பிக்கிறவனுக்குச் செருகுநிரல் பக்கத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தப் பதிப்பில் என்ன மாறியது? ஒரு சொடுக்கில் கிடைத்தது அன்று முதல் உருட்டலும் தேடலுமாகிப் போனது. பின்னால் தத்தல்கள் திரும்ப வந்தன. பல வருட விரல் பழக்கத்தைத் தூக்கி எறிந்தால் விரல்கள்தான் முதலில் கோபப்படும்.

பிப்ரவரி 7

கேள்வி கேட்டவர் திருப்பிக் கேட்கிறார்: "அப்படியென்றால் முகப்பே வேண்டாமா? புதியவர் எங்கிருந்து வருவார்?"

நியாயம். 3ஆம் தேதி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். என் உலாவி வரலாறு என்னைப் போன்றவரைப் பற்றி மட்டுமே பேசும். உள்ளே இருப்பவனின் கண் அது.

ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. ஒருவருக்கு வேர்ட்பிரஸ் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன். தரவிறக்குங்கள் என்றேன். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அவர் வேர்ட்பிரஸ்.காமில் கணக்கு தொடங்கி, கட்டணத் திட்டங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். '.ஆர்க்' என்பது தானே நிறுவிக்கொள்ளும் மென்பொருளின் வீடு, '.காம்' என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை என்ற வேறுபாடு எனக்கு மூச்சு விடுவதுபோல இயல்பு. அவருக்கு யார் சொல்வார்கள்? முகப்பு சொல்ல வேண்டும். அந்த ஒரு வேலையைச் செய்யாத முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

ஆகவே முகப்பு வேண்டும். நான் எதிர்ப்பது முகப்பை முடித்ததும் மறுவடிவமைப்பே முடிந்தது என்று மாலை போட்டுக்கொள்வதை.

பிப்ரவரி 9

இது நானே பட்டது. சமூகத்தின் பெயர் வேண்டாம். சின்னது, நல்ல மனிதர்கள், இன்றும் நண்பர்கள்.

ஆவணத் தளத்தைப் புதிதாக்கும் குழுவில் இருந்தேன். பழைய முகவரிகள் பார்க்க அசிங்கமாக இருந்தன, எண்களும் கேள்விக்குறிகளுமாக. புதிய முகவரிகள் படித்தாலே பொருள் விளங்கும்படி அமைத்தோம். பழையவற்றுக்கு 301 திருப்பிவிடுதல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் கட்டளை) எழுத வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். "வெளியீட்டுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளினோம். அந்த வாக்கியத்தைச் சொன்னவர்களில் நானும் உண்டு.

வெளியிட்ட அன்று வாழ்த்துகள் வந்தன. மூன்றாம் நாள் இரவு சர்வரின் 404 ("பக்கம் இல்லை") பதிவேட்டைத் திறந்தேன். வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் எதிர்பார்த்தவைதான். தேடுபொறிகளின் நிரல்கள், பழைய வலைப்பதிவுச் சுட்டிகள். ஆனால் ஒரு முகவரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை, வெவ்வேறு இடங்களிலிருந்து, எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பே இல்லாமல். கோப்பு அனுமதிகள் பற்றிய உதவிப் பக்கம் அது. இது எங்கிருந்து வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் எங்கள் மென்பொருளின் மூலநிரலிலேயே தேடினேன். கிடைத்தது. நிறுவும்போது ஒரு கோப்புறையில் எழுத முடியவில்லை என்றால் ஒரு பிழைச்செய்தி வரும். அதன் கடைசியில் "உதவிக்கு இங்கே" என்று ஒரு சுட்டி. அந்த முகவரி நிரலுக்குள் கையால் எழுதப்பட்டிருந்தது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். முதல் முறை நிறுவ உட்கார்ந்து, முதல் தடையிலேயே முட்டி, உதவி கேட்டுச் சொடுக்கிய ஒவ்வொருவருக்கும் மூன்று நாளாக "பக்கம் இல்லை" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். புதியவரை வரவேற்கத்தான் மறுவடிவமைப்பு என்று அறிக்கையில் எழுதியிருந்தோம். ஏற்கெனவே தரவிறக்கி வைத்திருக்கும் பதிப்புகளை நம்மால் போய்த் திருத்தவும் முடியாது. அந்த முகவரி உயிரோடு இருந்தே ஆக வேண்டும்.

அன்று இரவே அந்த ஒன்றுக்குத் திருப்பிவிடுதல் போட்டேன். பிறகு ஏழு வாரம், இரண்டு பேர், ஒரு விரிதாள். இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது, ஒவ்வொன்றாக. வலப்பக்கத்தில் எழுத எதுவுமே இல்லாத வரிகள்தான் அதிகம் வலித்தன. யாரோ ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து எழுதிய பக்கம், புதிய அமைப்பில் எங்கும் பொருந்தவில்லை என்பதற்காகக் காணாமல் போயிருந்தது. எழுதியவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அதன்பின் எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "301 போட்டுவிட்டால் தீர்ந்தது, அவ்வளவுதானே" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஒரு ஓட்டை இருக்கிறது.

முகவரியில் # குறிக்குப் பின்னால் வரும் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. அது உலாவியோடு நின்றுவிடும். பழைய தளத்தில் ஒரே நீள ஆவணம், அதில் பதினைந்து உள்தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் #நிறுவல், #மேம்படுத்தல் என்று சுட்டிகள். புதிய தளத்தில் அதைப் பதினைந்து பக்கங்களாகப் பிரித்தால், சர்வருக்கு வந்து சேர்வது ஒரே முகவரிதான். யார் எந்தத் தலைப்பைத் தேடி வந்தார் என்று அதற்குத் தெரியாது. பழைய முகவரியில் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட்டை வைத்து, உலாவிக்குள்ளேயே # பகுதியைப் படித்து உரிய பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பழைய முகவரியில் எல்லாத் தலைப்புகளையும் காட்டும் ஒரு பட்டியல் பக்கத்தையாவது நிறுத்த வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். பரவாயில்லாமல் இருந்தது.

இதில் வேர்ட்பிரஸுக்குப் பாராட்டு சொல்லியாக வேண்டும். அவர்களின் பழைய ஆவணங்கள் கோடெக்ஸ் என்ற தளத்தில், விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளில், இருந்தன. நிரலாளர்களுக்கான புதிய தளத்தில் செயற்கூறுகளின் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுகளின்) பக்கங்கள் மூலநிரலில் இருக்கும் குறிப்புகளிலிருந்தே உருவாகின்றன. கோடெக்ஸில் ஒரு செயற்கூற்றுக்கு இருந்த பழைய முகவரியை இன்று சொடுக்கினாலும் நேராகப் புதிய பக்கத்தில் போய் நிற்கிறது. கீழே பயனர்கள் எடுத்துக்காட்டு எழுதவும் இடம் வைத்திருக்கிறார்கள். விக்கியில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற சுதந்திரத்தை எடுத்த கையோடு, இன்னொரு கையால் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்ததாக இதைப் பார்க்கிறேன். முகப்பைவிட இந்த வேலைக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

ட்ரூபலிலும் அப்படித்தான். "நோட்" என்ற சொல்லும் ஒரு எண்ணும் மட்டும் கொண்ட மிகப் பழைய முகவரிகள் இன்னும் வேலை செய்கின்றன. 2010 மறுவடிவமைப்பு, 2011 பிப்ரவரியில் நிரல் மாற்றங்களைப் பதிந்து காக்கும் கருவியை சிவிஎஸ்ஸிலிருந்து கிட்டுக்கு மாற்றியது, 2013 அக்டோபர் கடைசியில் தளம் ட்ரூபல் 7க்கு ஏறியது, அப்புறம் கிட்டை வைத்து நிரலைப் பகிரும் கிட்லேப் என்று இத்தனை அலைகளையும் அந்த எண்கள் தாண்டி வந்துவிட்டன.

பிப்ரவரி 12

ஜூம்லாவைப் பற்றி ஏன் பேசவில்லை என்கிறார்கள். பேசலாம், அதில் எனக்கு ஒரு செல்லப் புள்ளி உண்டு.

ஜூம்லாவின் ஆவணத் தளம் மீடியாவிக்கியில் ஓடுகிறது. மன்றம் பிஎச்பிபிபியில். புதிய நிரலாளர் கையேடு டாக்குசாரஸில். வழுப் பட்டியல், நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்போடு இணைந்த தனிச் செயலி. நான்கும் நான்கு மென்பொருள், நான்கும் நான்கு விதப் பக்க அமைப்பு. ஆனால் குடும்பத்தின் பெரும்பாலான தளங்களில் மேலே ஒரே பட்டை, அதில் ஒரே பட்டியல். எங்கிருந்தும் எங்கும் போகலாம். அந்தப் பட்டையையும் தோற்றத்தையும் பொதுவான ஒரு இடத்தில் வைத்துத் தளங்கள் பகிர்ந்துகொள்கின்றன. இது ஒன்றும் வியக்கவைக்கும் வடிவமைப்பு இல்லை. யாரும் இதற்கு விருது கொடுக்கப்போவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் இடித்துக் கட்டாமலே ஒரு குடும்பம் என்று காட்டிவிட்டது. ஆள்பலம் குறைந்த சமூகத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பட்டையிலிருந்து தொடங்குங்கள்.

பிளோன் வேறு வழியில் போனது. ஒரு காலத்தில் ஆவணம், நீட்சிப் பட்டியல் எல்லாம் பிளோன் தளத்துக்குள்ளேயே, பயனர்களே எழுதிச் சேர்த்தவையாக இருந்தன. பிறகு ஆவணங்கள் ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியில் கட்டிய தனித் தளத்துக்குப் போயின, உரையாடல் டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளுக்குப் போனது. இழப்பும் உண்டு, லாபமும் உண்டு. உலாவியில் "திருத்து" என்று சொடுக்கி ஒரு எழுத்துப் பிழையைச் சரிசெய்யும் ஆள், கிட்டில் தனிப்பிரதி (கிளை) எடுத்துத் திருத்தி, அதைச் சேர்க்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்பச் சொன்னால் போய்விடுவார். ஆனால் ஆவணம் மென்பொருளின் பதிப்போடு சேர்ந்து நகர்கிறது. பழைய பதிப்புக்காரர் பழைய ஆவணத்தைப் படிக்கலாம். இந்தக் கணக்கில் யார் ஜெயித்தார் என்று எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. எழுத்தாளர்களை இழப்பதுதான் பெரிய நஷ்டம் என்று காலையில் தோன்றுகிறது. மாலையில் ஒரு பழைய விக்கிப் பக்கத்தை நம்பி ஒரு தளத்தை உடைத்த பிறகு வேறு மாதிரித் தோன்றுகிறது.

பிளோன் தளத்தின் இன்றைய முகம், 2022 டிசம்பரில் வந்த பிளோன் 6இன் முன்பக்க மென்பொருளான வோல்ட்டோவில் ஓடுகிறது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வைத்து எழுதியது. இவர்களும் முதல் பந்திக்காரர்கள்.

பிப்ரவரி 15

முதல் பந்தி பற்றி இரண்டாவது யோசனை.

சொந்தத் தளம் சொந்த மென்பொருளின் புதிய பதிப்பில் ஓட வேண்டும் என்று முன்பெல்லாம் சண்டை போடுவேன். ட்ரூபல் 8 வந்தது 2015 நவம்பரில். ட்ரூபல் தளம் அதன்பிறகும் வருடக்கணக்கில் 7இலேயே ஓடியது. போன மாதம், ஜனவரி 5ஆம் தேதி, ட்ரூபல் 7க்கான ஆதரவு முடிந்தது. 2011இல் அது வெளிவந்த அதே ஜனவரி 5. பதினான்கு வருடம். தளம் இப்போது பகுதி பகுதியாகப் புதிய பதிப்புக்கு நகர்கிறது.

முன்பு இதைப் பார்த்துக் கோபப்பட்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அதே 7இல் தளத்தை வைத்திருந்தவர்கள் உலகம் முழுக்க எத்தனையோ பேர். 7இலிருந்து 8க்குப் போவது மேம்படுத்தல் இல்லை, வீடு மாறுவது. சமூகத்தின் சொந்தத் தளமே அந்தச் சுமையைச் சுமந்து நின்றது. மொத்தமாக ஒரே இரவில் மாற்றாமல் விளம்பரப் பக்கங்களை முதலில், ஆவணங்களையும் வழுப் பட்டியலையும் பிறகு என்று பிரித்தது 2010க்குப் பிறகு கற்ற பாடம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18

கொஞ்சம் விலகிப் போகிறேன், பக்கத்து வீடுதான். ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு 2023 ஜனவரி 18 அன்று புதிய தோற்றம் வந்தது, வெக்டர் 2022. வரியின் நீளத்தைக் குறுக்கினார்கள், பொருளடக்கத்தை இடப்பக்கம் கொண்டுபோனார்கள், மொழி மாற்றும் பொத்தானை மேலே ஏற்றினார்கள். அதற்கு வெகு முன்பே, 2020 முதல், பிரெஞ்சு போன்ற சில விக்கிப்பீடியாக்களில் ஓடவிட்டுப் பார்த்திருந்தார்கள். இருந்தும் வெள்ளை இடத்தைப் பார்த்து ஏகப்பட்ட எதிர்ப்பு.

அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது இரண்டு. அகலத்தை விரிக்க ஒரு பொத்தான். புகுபதிகை செய்தவர் விருப்பத்தேர்வில் பழைய தோற்றத்துக்கே திரும்பலாம் என்ற வழி. வருகிறவருக்குப் புதியது, இருக்கிறவருக்குத் தேர்வு. இரண்டு தோற்றங்களைக் கட்டிக் காப்பது கூடுதல் வேலைதான். ஆனால் பத்து வருடமாகத் தினமும் வந்து திருத்துபவரின் கைப்பழக்கத்துக்கு அந்த மரியாதை தகும்.

பிப்ரவரி 19

மொழிபெயர்ப்பு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி.

ஆங்கிலத்தில் வரையும் வடிவமைப்பாளர் சின்னத் தலைப்புகளைப் பெரிய எழுத்தில் போடுவார். அளவு, நிறம், தடிமன் எதுவும் மாறாது. பெரிய எழுத்து என்ற ஒன்றே அதைத் தலைப்பாக்கிவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் அந்தக் கட்டளை இருந்தாலும் தமிழுக்கு ஒன்றும் ஆகாது. தலைப்பும் அதன் கீழ் இருக்கும் வரியும் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்தின் படிநிலையே கரைந்துவிடும். ஒரு தளத்தைத் தமிழாக்கி முடித்துத் திறந்து பார்த்து, ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று விழித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

அடுத்தது வரி இடைவெளி. இறுக்கமாக வைத்த பெரிய தலைப்பில் 'கி', 'கீ'யின் மேல் சுழி வெட்டுப்படும், 'ஞு', 'ணு'வின் கால்கள் அடுத்த வரியில் போய் இடிக்கும். பொத்தானின் அகலத்தை நிலையாக வைத்திருந்தால் "பதிவிறக்கு" பிதுங்கி நிற்கும். வேர்ட்பிரஸ் முகப்பின் தலைப்புகளுக்கு எடுத்துக்கொண்ட ஈபி கேரமாண்ட் எழுத்துரு கண்ணுக்கு விருந்து, ஆனால் அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. அப்படி ஒரு தலைப்பைத் தமிழாக்கினால் கணினியில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துரு வந்து அந்த இடத்தை நிரப்பும். அரபிக்கும் தாய்லாந்து மொழிக்கும் இதே பாடு.

முன்மாதிரியின் முதல் சுற்றிலேயே லத்தீன் அல்லாத ஒரு மொழியில் ஒரு பக்கத்தை நிரப்பிப் பாருங்கள். கடைசிச் சுற்றில் பார்த்தால் "நேரமில்லை, அடுத்த பதிப்பில்" என்பார்கள்.

பிப்ரவரி 20

4ஆம் தேதிக் குறிப்பில் ஒன்று சேர்க்க வேண்டும். திறந்த முறையில் வடிவமைப்பதைப் பாராட்டினேன். ஆனால் கருத்துக் கேட்பது வேறு, வாக்கெடுப்பு வேறு. நாங்கள் ஒரு முறை முகப்புப் படத்துக்கு வாக்கெடுப்பு வைத்தோம். நான்கு படங்கள், நான்கு அணிகள், தோற்றுப்போன மூன்று அணியினரும் கசப்போடு போனார்கள். என்ன பிடிக்கிறது என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தில் உங்கள் வேலையைச் செய்ய முடிகிறதா, எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். குழுவில் பேசி, முகப்பை இரண்டு மாதம் தள்ளி வைத்துவிட்டார்களாம். முதலில் சர்வர் பதிவேட்டிலிருந்து அதிகம் கேட்கப்படும் ஐந்நூறு முகவரிகளை எடுத்திருக்கிறார்கள். மூலநிரலுக்குள் தேடியதில் தளத்தைச் சுட்டும் பதினோரு முகவரிகள் கிடைத்திருக்கின்றன. இரண்டு ஏற்கெனவே செத்துப் போனவை, யாரும் கவனிக்கவில்லை. "எங்களுக்கே தெரியாது" என்கிறார். படித்ததும் அவ்வளவு மகிழ்ச்சி.

அந்தப் பதினொன்றையும் நிரலுக்குள் நேரடியாக எழுதாமல், ஒரு சின்னத் திருப்பிவிடும் முகவரி வழியாகப் போகும்படி அடுத்த வெளியீட்டில் மாற்றிவிடுங்கள். அப்புறம் ஆவணம் எங்கே போனாலும் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். பழைய பதிப்புகளுக்காக அந்தப் பதினோரு பழைய முகவரிகளும் இருக்கட்டும், எடுக்க வேண்டாம். விரிதாளில் வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வரிகளுக்கு மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்து, அந்தப் பக்கத்தை எழுதியவர் பெயரைப் போடுங்கள். நீக்குவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு மடல். எத்தனை பேர் என்று சொன்னால் பாதிப் பேருக்கு நான் எழுதித் தருகிறேன்.